பீட்ரூட்டில் ஒட்டியிருந்த மணல்

ஓரிக்கைக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே காய்கறி விற்கும் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். இளையவளின் பீட்ரூட் மூட்டையிலிருந்து ஒன்றை மூத்தவள் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“இன்னாமே, இதுக்குப் பவுடர் பூசி இட்டுக்கினு வந்துக்கிற?”

“மண்ணுக்கா. கழுவி வச்சா சீக்கிரம் அழுகிப்பூடும்னு அப்படியே வச்சிக்கிறேன்.”

“எந்த ஊரு காயி?”

“ஊட்டிக்கா.”

“ஊட்டியில ஏதுமா பாலாத்து மணலு?”

இளையவள் மூட்டையின் வாயை இழுத்து மூடினாள்.

“வாலு ரப்பராட்டம் வளையுது பாரு. நாலு நாளா வெயில்ல போட்டு வச்சிட்டு, இப்போ மணலை ஈரம் பண்ணிப் பூசினா புதுசாயிடுமா?”

“மெதுவா பேசுக்கா. மண்ணு இருந்தாத்தான் புதுசுன்னு கைப்புள்ளக்காரிங்க வாங்குறாங்க.”

“அதுங்க புள்ளைக்குத்தானே ஊட்டப் போவுதுங்க!”

இன்று காலை சந்தையில், ஒரு வயது மகனுக்கு மசித்துக் கொடுக்க, மண் ஒட்டியதாகத் தேடித்தான் நானும் வாங்கியிருந்தேன். யார் கடையில் என்று நினைவில்லை. மடியிலிருந்த பைக்குள் கைவிட்டு ஒரு பீட்ரூட்டின் வாலை வளைத்தேன். ஒடியவில்லை. வெளியே எடுத்த விரலில் மணல் மினுங்கியது.