நாத்தனாருக்குத் தைத்த மணி ஷூ

இந்த போலீஸ் ஸ்டேஷன்ல காபி மட்டும் மாறவே இல்ல, டெல்மார். உங்கப்பா இந்தச் சீட்ல இருந்தப்பவும் இதே கழுநீர்தான். பரவால்ல, ஊத்து. ஃபிலொமின் விஷயமா வந்தேன். என் நாத்தனாரை நேத்துதான் புதைச்சோம், அதுக்குள்ள பெரியம்மா எதுக்கு இங்க வந்து உக்காந்திருக்கான்னு முழிக்காத. சொல்லச் சொல்ல எழுதிக்கோ.

அவளுக்கு நான் தச்ச ஷூவுலேர்ந்து ஆரம்பிக்கணும். நம்ம லகோட்டா ஜனங்க ஒருத்தர் போயிட்டா, மணி கோத்த மான் தோல் ஷூ போட்டுத்தானே அனுப்புவோம். வழக்கமா என்ன நடக்குது? ஆள் போனப்புறம் நாலு பொம்பளைங்க ஊர்ப் பொது ஹால்ல உக்காந்து, பக்கத்துல சூப் கிண்ணத்தை வெச்சிக்கிட்டு, அரக்கப்பரக்கக் கோத்துத் தள்ளுவாங்க. வலது காலைப் பார்த்தா இடது காலுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும். எனக்கு அது ஆகாது. எனக்குத் தலைக்கனமே கிடையாதுன்னு ஊர் பூராவும் தலைக்கனத்தோட சொல்லிக்கிட்டுத் திரியறவ நான்.

போன வசந்தத்துல ஃபிலொமினுக்குக் கிட்னி ரெண்டும் போச்சு. டவுன் ஆஸ்பத்திரில டாக்டர் கையை விரிச்சிட்டார். நான் அன்னைக்கே ஊசியை எடுத்துட்டேன். மேல மட்டும் இல்ல, அடிப்பக்கமும் முழுக்க மணி. இனிமே மண்ணுல நடக்கப்போறவ இல்லையே. நீலத்துல அடிநிறம் கொடுத்து, அது மேல மலை மலையா வெள்ளையும் சிவப்பும் ஏத்தினேன். மனுஷ வேலை குறையில்லாம இருக்கக் கூடாதுன்னு ஒரு மணியை மட்டும் நிறம் மாத்திக் கோப்போமே, அதையும் வெச்சேன். எங்க வெச்சா எடுப்பா இருக்கும்னு ஒரு சாயங்காலம் பூரா யோசிச்சு வெச்சேன். அடக்கத்துலயும் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

கோபத்தோட ஊசி பிடிக்கக் கூடாது, அது தையல்ல இறங்கிடும்னு சொல்லுவாங்க. சத்தியமா எனக்கு அவமேல துளி கோபம் இல்ல. இப்பவும் இல்ல. அதை அப்படியே எழுதிக்கோ.

கடைசி முடிச்சுப் போட்டேன். அங்க ஆஸ்பத்திரில அவ எழுந்து உக்காந்து, பொரிச்ச ரொட்டி இருக்கான்னு கேட்டிருக்கா.

டயாலிசிஸ் பண்ணிக்கிட்டே காலம் தள்ளலாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. என் வீட்டுக்குத்தான் வந்தா. ஷூ விஷயம் அவ காதுக்கும் போயிடுச்சு.

"என்னடி மிர்னா, எனக்கு வண்டி வர்றதுக்கு முன்னாடியே செருப்பை ரெடி பண்ணிட்டியாமே? கொண்டா, போட்டுப் பாக்கறேன்."

"உயிரோட போடக் கூடாது மதினி."

"அப்ப வெச்சிரு. எனக்கொண்ணும் அவசரமில்ல. உங்க எல்லாரையும் அனுப்பிட்டுத்தான் நான் கிளம்புவேன்."

நானும் சேர்ந்துதான் சிரிச்சேன். ஆனா என் நிலைமையை யோசிச்சுப் பாரு. ஒருத்தர் பேர் சொல்லித் தச்சதை இன்னொருத்தருக்குப் போடக் கூடாது. விக்கக் கூடாது. அவங்க காலுக்குப் போறவரைக்கும் நாலு பேருக்குக் காட்டவும் கூடாது, எங்க வீட்டு வழக்கம் அப்படி. என் ஜென்மத்துலயே நல்லா வந்த வேலை, கட்டிலுக்கடியில அட்டைப்பெட்டில கிடக்குது. எலி கடிச்சா? அவளுக்கு முன்னாடி நான் போயிட்டா? என் பசங்க அதை அடகுக்கடையில வெச்சு பீர் குடிப்பாங்க. பிங்கோ ஆடப் போனா, "இன்னும் பெட்டியிலதானா மிர்னா?"ன்னு கேட்டு ஒரே கேலி. நல்ல ஷூ தயாரா இருக்குது, ஆள்தான் தயாரா இல்ல.

பனி வந்துச்சு. டயாலிசிஸுக்கு அவளை நான்தான் ஓட்டிட்டுப் போவேன். ஒரு நாள் நிஜமாவே ரோட்டை மூடிட்டாங்க. திரும்பி வந்துட்டோம். அவளுக்குக் கால் வீங்கிப் போச்சு. ஷூவுக்குள்ள போகுமான்னு எனக்கு ஒரே கவலை.

அடுத்த தடவை ரோடு திறந்திருந்துச்சு. மூடிட்டாங்கன்னு சொன்னேன். அவளுக்குக் கண் மங்கிப்போச்சே, ஜன்னல்ல பார்த்தா எல்லாமே வெள்ளைதான். "இந்த வருஷம் பனி ஜாஸ்தி, நீ பாவம், வண்டி எடுக்காத"ன்னா. அதுக்கடுத்த தடவையும் மூடிட்டாங்கன்னேன். கிளினிக்லேர்ந்து ஃபோன் வந்துச்சு. டவுன்ல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டா, டயாலிசிஸும் அங்கேயே பாத்துக்கறாங்கன்னேன். அவ ஃபோனைச் சார்ஜ்ல போட மறந்துட்டேன். எனக்கு மறதி ஜாஸ்தின்னு உனக்கே தெரியும். மூச்சு வாங்கறப்ப தலைகாணியை உயர்த்தி வெச்சேன், சூப் கொடுத்தேன், காலைத் தேச்சு விட்டேன். கால் எந்த அளவுக்கு இருக்குன்னும் பாத்துக்கிட்டேன். "நீ இல்லன்னா நான் என்னடி பண்ணுவேன்"னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

ஷூ ஏறிடுச்சு. ஈரத்துணி சுத்தி வெச்சேன், நல்ல தோல், இளகிக் கொடுத்துச்சு.

அப்புறம் ஹாலுக்குப் போறேன். சவப்பெட்டிக்கு ரெண்டு மூடி, டெல்மார். மேல்மூடியை மட்டும் திறந்து முகத்தைக் காட்டறாங்க. கால் பக்கம் மூடியே கிடக்குது, அது மேல நம்ம ஊர் வெர்டெல் துணித்துண்டு ஒட்டித் தச்ச நட்சத்திரப் போர்வை. ஊரே வரிசையில வந்து, அழுது, மூக்கைச் சிந்திட்டு, அந்தப் போர்வையைப் பாராட்டிட்டுப் போச்சு. வெர்டெல் தையலை நீ பாத்திருக்கியா? நட்சத்திரத்துக்கு ஒரு கால் குட்டை.

யாருக்கும் சந்தேகம் வரல. நான் பேசாம இருந்திருக்கலாம். மனசாட்சி உறுத்துது, அதான் வந்தேன். எழுதிக்கோ. ரோடு திறந்துதான் இருந்துச்சு. ஃபிலொமினை நான்தான் கொன்னேன்.

இனி இது கேஸ் ஆயிடும், இல்ல? குழியைத் தோண்டிப் பெட்டியை வெளிய எடுப்பாங்கதானே? ரெண்டு மூடியையும் திறப்பாங்கதானே? போட்டோ பிடிக்கறவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெச்சிரு, தம்பி. அடிப்பக்கத்தையும் எடுக்கணும்.