எழுத்துப்பிழை திருத்தம்

நீராவிக் குளியலில் சூடான கற்களின் மேல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும். யால்மரிக்கு இது இன்றுவரை பிடிபடவில்லை. வாளியோடு கவிழ்த்துவிட்டு, கண் எரிகிறது என்று நம்மையே திட்டுவான். அவனோடு இத்தனை வருடம் குப்பை கொட்டியவன் நான்.

நீங்கள் போலீஸ் அதிகாரி, அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். பின்லாந்தின் தம்பெரே நகரில் படிக்கும்போது நாங்கள் இருவரும் சேர்ந்துதான் ஹௌகி என்ற இயங்குதளத்தை எழுதினோம். பிறகு முட்டிக்கொண்டது. அவன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் லோஹி என்று தனிக்கடை போட்டான். இரண்டுமே இலவசம். அவன் நிரலை நான் எடுக்கலாம், என்னுடையதை அவன் எடுக்கலாம். எழுதியவன் பெயரை மட்டும் நீக்கக் கூடாது. எவ்வளவு கிண்டலடித்துக்கொண்டாலும், ஒரு பக்கத்து நிரலில் ஓட்டை தெரிந்தால் மறுபக்கத்துக்குச் சொல்லிவிடுவோம். இதை மீறியவர் யாரும் இல்லை.

போன ஏப்ரலில் லோஹியின் நிரலைத் திறந்து பார்த்தேன். வரும் அழைப்புகளை வரிசைப்படுத்தும் பகுதி முழுக்க என் உழைப்பு. அதன் தலைப்பில் இருந்த என் பெயரைக் காணோம். வயிறு எரிந்தது. அவனிடம் கேட்கவில்லை. நான் ஏன் கேட்க வேண்டும்?

அக்டோபரில் அதே பகுதியில் நான் செய்திருந்த பிழை ஒன்று கண்ணில் பட்டது. ஒரே நேரத்தில் எக்கச்சக்கமாக அழைப்புகள் வந்தால் எல்லாம் உறைந்துவிடும். ஹௌகியில் மட்டும் சரிசெய்தேன். என்ன மாற்றினேன் என்று எல்லாரும் பார்க்கும் குறிப்பில் 'எழுத்துப்பிழை திருத்தம்' என்று மட்டும் போட்டேன்.

அந்த வாரம் குளியலில் யால்மரி கேட்டான்.

"என்னடா ஹன்னு, உங்க சல்லடையில புது ஓட்டை ஏதாச்சும் உண்டா?"

"உன் வாயைத் தவிர வேற ஒண்ணும் இல்லடா."

சிரித்தான். "சங்கதி தெரியுமா? அவசர அழைப்பு மையத்துல இப்ப நம்ம லோஹிதான் ஓடுது. ஆம்புலன்ஸ் பூரா நம்ம கையில."

நல்லது என்றேன். சுட்ட தொத்திறைச்சியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தான். வாங்கிச் சாப்பிட்டேன்.

முதல் பனி விழுந்த காலையில் நெடுஞ்சாலையில் வண்டிகள் ஒன்றோடொன்று மோதின. பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அழைத்தார்கள். மையம் உறைந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் செத்துப்போனவர்களில் ஒரு தாயும் கைக்குழந்தையும் உண்டு. அவர்களோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

நான் எதையும் உடைக்கவில்லை. எடுத்துப்போன பொருள் பழுது என்று திருடனுக்கு ஆள்விட்டுச் சொல்லும் கடமை எனக்கு எந்த நாட்டில் இருக்கிறது? எந்தச் சட்டத்தில் என்னை நிறுத்துகிறீர்கள் என்று நானும் பார்க்கிறேன்.

நேற்று உங்கள் நிபுணர் ஒன்றைக் காட்டினார். லோஹியில் எல்லாருடைய பெயர்களையும் ஏப்ரலிலேயே தனிக் கோப்புக்கு மாற்றியிருக்கிறார்கள். அதில் முதல் பெயர் என்னுடையது. 'இவன் இல்லாமல் நாங்கள் இல்லை' என்று பக்கத்திலேயே யால்மரி எழுதியிருக்கிறான். "இதை முன்னாடியே பாத்திருந்தா அவர்கிட்ட சொல்லியிருப்பீங்கதானே?" என்று நிபுணர் பாவமாகக் கேட்டார்.

பார்த்தேன். ஏப்ரலிலேயே பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகும் ஊர் உலகமெல்லாம் லோஹியைத்தானே தேடிப் போனது.