பன்னெண்டு பேருக்கு ஒரு பெர்மிட்டு

...ஆறும் ஆறும் எத்தனைண்ணே? நீங்களே சொல்லுங்க. பன்னெண்டா இல்லையா? ஆனா இந்தப் போலீஸ் சார்ஜனுக்குப் பன்னெண்டு பேரு காணாமப் போயிட்டாங்களாம்! உக்காருங்கண்ணே, சோதனை வரிசை இப்போதைக்கு நகராது. முன்னால நிக்கிற அம்மா கூடையில அரிசி ஒளிச்சிருக்கான்னு ஒவ்வொரு கத்திரிக்காயா திருப்பிப் பாக்குறானுங்க.

நான் தனபாலன். எங்க ரப்பர் தோட்டத்து சைக்கிள் கூட்டத்துக்கு செகரட்டரிலா. ஞாயித்துக்கிழமையானா பன்னெண்டு பேரு கிளம்பி, இந்த மேடு, கோலா சுங்கை பாரு கடற்கரை, எல்லாம் ஒரு வட்டம் சுத்திட்டு ஆறு மணிக்குள்ள தோட்டத்து கேட்டுக்குத் திரும்பிடுவோம். காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்ட்டுங்களுக்கு யாரும் அரிசி குடுத்துரக் கூடாதுன்னு அவசரகாலம் போட்டு, மத்த ஆறு நாளும் முள்ளுக்கம்பிக்குள்ளதானே கெடக்கிறோம். இந்த ஒரு நாள் இல்லேன்னா பைத்தியம் பிடிச்சிரும்ணே, சத்தியமா. அதுக்கு எல்லாருக்கும் சேத்து ஒரே பெர்மிட்டு. அதை வாங்க நான் அலைஞ்ச அலைச்சல்... அதை விடுங்க.

வம்பு பண்ணது மருதமுத்து. "வெயிலுக்கு முன்னால கடலுக்குப் போயிருவோம், இந்த வாரம் மாத்திச் சுத்துவோம்"ங்கிறான். டேய், வட்டத்துக்கு நடுவுல முனியாண்டி கோயில் இருக்கு, சாமிய வலம்தான்டா வரணும், நீ சொல்றது அப்பிரதட்சணம்டான்னேன். "சாமி ரெண்டு மைல் உள்ள இருக்காரு, எவன் எந்தப் பக்கம் மிதிக்கிறான்னு எட்டிப் பாத்துக்கிட்டா இருக்காரு"ங்கிறான். என்ன வாய் பாருங்க!

சரி, கை தூக்குங்கடான்னேன். அவன் பக்கம் ஏழு, என் பக்கம் ஆறு. பன்னெண்டு பேருல பதிமூணு கை! அப்புசாமி அண்ணன் ரெண்டு பக்கமும் தூக்கியிருக்காரு. பாவம், யாரையும் பகைச்சுக்க மாட்டாரு. இது செல்லாது, ஆறு பேரு அப்படிப் போங்க, ஆறு பேரு இப்படி வாங்க, நடுவழியில பாத்துக்கலாம்னு... யாரு சொன்னதா? நாந்தான். அதை விடுங்கண்ணே.

இங்க வந்தா, "பெர்மிட்டுல பன்னெண்டு, ஆளு ஆறு, மிச்சம் ஆறு பேரு காட்டுக்கா போனான்?"னு துப்பாக்கிய நீட்டுறான். அங்க கடலோரத்து தடுப்புல மருதமுத்துவையும் இதே கேள்வி. போன் போட்டுப் பேசிக்கிட்டானுங்க. அங்க ஆறு பேரக் காணோம், இங்க ஆறு பேரக் காணோம், மொத்தம் பன்னெண்டு! எழுதியே வச்சுட்டாண்ணே!

சாயங்காலம் வரைக்கும் நிக்க வச்சுட்டு, கடைசியில, "வந்த வழியே திரும்பிப் போ. ஆறு மணிக்கு கேட்டுல பன்னெண்டு பேரும் ஒண்ணா நிக்கணும். ஒரு தலை குறைஞ்சாலும் பெர்மிட்டக் கிழிச்சிருவேன்"னுட்டான். எங்க ஆளுங்க அஞ்சு பேரும் அப்பவே எறங்கிட்டாங்க.

நானா? அது வந்துண்ணே... யாருகிட்டயும் சொல்லாதீங்க. இந்த எறக்கத்தப் பாத்தீங்களா? செங்குத்து, அடியில பாலம். வலமா சுத்துனா இது ஏத்தம், எல்லாருமே எறங்கித் தள்ளுவாங்க, நானும் தள்ளிருவேன். அந்தப் பக்கச் சரிவு லேசு, காலத் தேச்சே போயிடலாம். என் சைக்கிள்ல பின் பிரேக்கு தீபாவளிக்கே போச்சுண்ணே. முன் பிரேக்கு இருக்கு, கம்பிதான் இல்ல. செகரட்டரி சைக்கிள்லயே பிரேக் இல்லேன்னா மருதமுத்து சிரிக்க மாட்டானா? வலம்தான் வரணும்னு சொல்லித் தப்பிக்க முனியாண்டிதான் கை குடுத்தாருன்னு வைங்க.

ஆளுங்க கண் மறையட்டும், அப்புறம் தள்ளிக்கிட்டே எறங்கலாம்னுதான் உக்காந்தேன். நீங்க வந்தீங்க, பேச்சு சுவாரசியத்துல... மணி என்னண்ணே?

அஞ்சேமுக்காலா!

ஐயையோ... அண்ணே, உங்க சைக்கிள்ல ரெண்டு பிரேக்கும் இருக்கே, கொஞ்சம்... அண்ணே, எங்க எந்திரிக்கிறீங்க? அண்ணே! சரி, போறதுதான் போறீங்க, கீழ தோட்டத்து கேட்டுல பதினோரு பேரு நிப்பாங்க. செகரட்டரி காட்டுக்குப் போகலேன்னு மட்டும் சொல்லிருங்கண்ணே!