பதினெட்டு மூட்டைச் சுண்ணாம்பு

— குளத்துல எத்தனை மூட்டை கொட்டினே, எலோய்? உண்மையைச் சொல்லு.

— பதினெட்டு. எதுக்கு இப்படிப் பதறுறே, டிக்னா? நேத்து அடிச்ச மழைக்கு எந்த இறால்காரனும் சுண்ணாம்புதான் போடுவான். இறால் ஓடெல்லாம் மெத்துனு கிடந்துச்சு.

— அந்த இறால்தான் இப்போ பட்டப்பகல்ல மேல வந்து தத்தளிக்குது. வந்து பாரு.

— காத்து போதலையா இருக்கும். துடுப்பு மோட்டாரைப் போடுறேன்.

— போட்டாச்சு. கோளாறு காத்துல இல்ல. பி.எச். ஒன்பதரை.

— இருக்காது கறுப்பி! விடியக்காலையில நானே பார்த்தேன். ஏழரைதான்.

— அங்கதான் ஏமாந்துட்டே. ராத்திரி முழுக்கப் பாசி மூச்சு விட்டு, விடியறப்போ தண்ணி கொஞ்சம் புளிச்சுத்தான் கிடக்கும். வெயில் வந்தா அந்தப் புளிப்பைப் பாசியே உறிஞ்சிடும், பி.எச். தானா ஏறும். தானா ஏறப்போற தண்ணியில நீ சுண்ணாம்பையும் கொட்டியிருக்கே.

— ஏறட்டுமே. ஓடு கெட்டியாகும்ல?

— ஓடு இருந்து என்ன, உள்ள உயிர் வேணாமா? இறால் போடுற கழிவு தண்ணியில ரெண்டு ரூபமா இருக்கும், எலோய். ஒண்ணு சாது, ஒண்ணு விஷம். இது அதுவா மாறும், அது இதுவா மாறும், ஓயவே ஓயாது. புளிப்பு இருந்தா சாதுப் பக்கம் சாயும். சுண்ணாம்பு புளிப்பைத் தின்னுட்டா விஷத்துப் பக்கம் சாயும். நீ தள்ளிவிட்டுட்டே.

— அப்போ புளிப்பை ஊத்து. எலுமிச்சையோ, வினிகரோ...

— மூணு ஹெக்டேர் குளம்டா! எலுமிச்சை பிழிய இதென்ன பச்சை மீன் ஊறவைக்கிற செவிச்சே கிண்ணமா? பாதித் தண்ணியை வெளிய விட்டுட்டு, மேட்டுக் குளத்துத் தண்ணியை உள்ள விடணும். மதகைத் திற.

— மாட்டேன்.

— எலோய்!

— கடல் ஏத்தமும் இல்ல, இறக்கமும் இல்ல. வாய்க்காத் தண்ணி அசையாம நிக்குது. நாம விடுறது நேரா உங்கப்பா பம்பு வாயிலதான் போய் நிக்கும். அவர் குளமும் சாகும். ‘பொண்ணைத் தூக்கிட்டுப் போனவன் இறாலையும் கொன்னுட்டான்’னு மச்சாலா ஊர் பூராச் சொல்லுவார்.

— அப்போ போன் பண்ணிச் சொல்லு.

— நானா? கல்யாணத்தன்னிக்கு என்மேல நாயை அவுத்துவிட்ட மனுஷனுக்கா? நீ பண்ணு.

— மூணு வருஷமா ஒரு வார்த்தை இல்ல. எடுக்க மாட்டார்.

— எடுக்கலைன்னா நம்ம குளம் போகட்டும். அவரோடதை நான் கொல்ல மாட்டேன்.

— ஐயோ, உன்னை வெச்சுக்கிட்டு... இரு, மணி அடிக்குது. எடுத்துட்டார். அப்பா? நான் டிக்னா. வெச்சிடாதீங்க.

— சொல்லு.

— உங்க பம்பை உடனே நிறுத்துங்கப்பா. எங்க குளத்துல விஷம் ஏறிடுச்சு, வாய்க்கால்லதான் திறந்துவிடணும்.

— திறக்கச் சொல்லு. அந்த முட்டாள் சுண்ணாம்பு மூட்டையைப் பிரிக்கிறப்பவே பம்பை நிறுத்திட்டேன். மூணு வருஷமா கரையில நாற்காலியைப் போட்டு உங்க குளத்தைத்தானே பார்த்துக்கிட்டிருக்கேன்.