வண்டி போகாத பாதை

டயரில் காற்று கொஞ்சம் குறைவாக இருப்பதுதான் நல்லது சார். தார் ரோட்டில் ஓட்டிப் பழகியவர்கள் டயரைக் கல் மாதிரி அடித்துக்கொண்டு வருவார்கள். ஜல்லியில் ஏறியதும் பல்லெல்லாம் கிடுகிடுக்கும், கொஞ்ச தூரத்திலேயே வந்த வழியைப் பார்த்துத் திரும்பிவிடுவார்கள். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக உள்ளே போக வேண்டும், அதுதான் பதம். வாடகைக்கு சைக்கிள் எடுக்க வருகிற எல்லோருக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன். உங்களுக்கு இது தேவையில்லைதான். ஆனால் எங்கிருந்தாவது ஆரம்பிக்க வேண்டும் அல்லவா. டீ ஆறுகிறது, குடியுங்கள்.

இந்தக் கடைக்குப் பின்னால் ஆரம்பிக்கிற பாதை ஒரு காலத்தில் மர லாரி போன பாதை. மரம் வெட்டுவதை நிறுத்தியதும் வனத்துறை கேட் போட்டுப் பூட்டிவிட்டது. ஓரமாக ஒரு ஆளும் ஒரு சைக்கிளும் நுழைகிற இடைவெளி மட்டும் விட்டார்கள். பாதையைப் பார்த்துக்கொள்கிற வேலையையும் கேட் சாவியையும் என்னிடம் தந்தார்கள். அதற்கு முன் நான் கீழே டவுனில் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவன். இஞ்சின் இரைச்சலும் ஹாரனும் தூக்கத்தில்கூட என்னை விட்டதில்லை. முதல் தடவை இந்தப் பாதையில் மேலே வரை மிதித்துப் போய் சைக்கிளை நிறுத்தினேன். டயருக்கு அடியில் கல் நெரிகிற சத்தமும் நின்றுபோனது. அதற்கப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் மனைவியின் தம்பியை நீங்கள் உயிரோடு பார்த்ததில்லை. அவனை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். வாய் ஓயாது. பங்சர் ஒட்டும்போது பேசுவான், சோறு வாயில் இருக்கும்போது பேசுவான், கேட்க ஆள் இல்லாவிட்டால் செயினோடு பேசிக்கொண்டிருப்பான். அம்மா இல்லாத வீட்டில் என் மனைவிதான் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். கல்யாணமாகி வந்தபோது துணிப்பெட்டியோடு அவனும் சேர்ந்து வந்து இறங்கினான் என்று நான் கிண்டல் செய்வதுண்டு. அவனே அதைக் கேட்டு முதலில் சிரிப்பான். எனக்கு அவனைப் பிடிக்கும் சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடையில் நானும் அவனும் கூட்டு. வேலையைப் பிரித்துக்கொண்டோம். சாயங்காலம் கடைசி சைக்கிள் திரும்பியதும் நான் பாதையை வாரிவிடுவேன். நீளக் கைப்பிடியில் இரும்புப் பல் வைத்த வாரி, அதோ சுவரில் சாய்ந்திருக்கிறதே, அதுதான். நடுவில் சிதறிக்கிடக்கிற ஜல்லியை எல்லாம் பள்ளத்துப் பக்க ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டால் நடுப்பாதை கெட்டியாக இருக்கும், சக்கரம் வழுக்காது. காலையில் முதல் சுற்று அவனுடையது. வாடிக்கையாளர்கள் வருவதற்கு முன்னால் மேலே வரை மிதித்துப் போய், மரம் விழுந்திருக்கிறதா, பாறை உருண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குவான்.

ஏறும்போது நிதானமாகப் போவான். இறங்கும்போது கண்மண் தெரியாத வேகம். அது முரட்டுத்தனம் இல்லை. இப்போதுதான் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்த பாதை. அதில் வண்டி வராது, வேறு ஆள் இருக்க மாட்டான். அதனால் வளைவுகளில் பிரேக் பிடிக்காமல் பாறையை உரசிக்கொண்டு உள்பக்கமாகவே திரும்புவான். இங்கே ஓட்டிப் பழகியவர்கள் எல்லோருமே அப்படித்தான் திரும்புவார்கள். வேறெங்கும் அப்படித் திரும்ப மாட்டார்கள்.

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான்.

"அத்தான், வனத்துறையில சம்மதிச்சிட்டாங்க. அடுத்த வாரத்துலேர்ந்து வேன் மேல போகலாம்."

"வேன் எதுக்கு?" என்றேன்.

"ஆளையும் சைக்கிளையும் மேல கொண்டுபோய் விட்டுட்டா, இறங்கி வர்றது மட்டும்தான் அவங்க வேலை. மூச்சு வாங்க மிதிக்க எத்தனை பேர் தயாரா இருக்காங்க, நீங்களே சொல்லுங்க. அக்காவையே எடுத்துக்குங்க. கேட்டுக்குப் பக்கத்துலயே இத்தனை வருஷமா குடியிருக்கா, மேல என்ன இருக்குன்னு பார்த்ததே இல்ல. மொத வேன்ல அவதான் போறா. முன் சீட்டுல."

என் மனைவிக்கு மூட்டுவலி. சைக்கிளும் ஓட்டத் தெரியாது. ஆனால் அவள் முகம் மலர்ந்துவிட்டது. தம்பியின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. மேலே என்ன இருக்கிறது என்று நான்தான் அவளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேனே. மலை மடிப்புகள், மரங்களுக்கு மேல் நகர்கிற பனி, அந்த அமைதி. அதற்கு மேல் நேரில் பார்க்க என்ன பாக்கி இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

ஆபத்து என்று எடுத்துச் சொன்னேன். சைக்கிளில் வருகிறவன் எதிரே வண்டி இருக்கும் என்று நினைக்க மாட்டான், அந்த வளைவுகளில் தப்பவே முடியாது என்றேன். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நீங்க ஒருத்தர்தான் அத்தான் பயப்படுறீங்க. வளைவுக்கு வளைவு ஹாரன் அடிச்சிட்டுப் போனா என்ன ஆயிடப் போகுது?"

ஹாரன் என்ற சொல்லைக் கேட்டதும் தட்டைத் தள்ளிவைத்தேன். எழுந்து கை கழுவிவிட்டேன்.

அவனுக்குப் பேசிப் புரியவைக்க முடியாது. பேச்சில் அவனை ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. நேரில் காட்டினால்தான் உண்டு என்று தோன்றியது. ஒரு வண்டி அந்தப் பாதையில் நின்றால் எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு தடவை அவன் பார்த்தால் போதும்.

மறுநாள் காலை அவன் முதல் சுற்றுக்கு ஏறிப் போனதும், டவுனிலிருந்து சாமான் ஏற்றிவர வைத்திருக்கிற பழைய ஜீப்பை எடுத்தேன். கேட்டைத் திறந்து, முதல் பெரிய வளைவு வரை ஓட்டிப்போய், வளைவைத் தாண்டி வருகிறவனுக்குக் கடைசி நேரத்தில்தான் தெரிகிற மாதிரி, பாறையை ஒட்டி நிறுத்தினேன். இஞ்சினை அணைத்தேன். கீழே இறங்கி ஒதுங்கி நின்றேன். மனசு அமைதியாகத்தான் இருந்தது. மேலேயிருந்து ஜல்லி நெரிகிற சத்தம் கேட்டது. கூடவே அவன் குரலும் கேட்டது. இறங்கும்போதும் தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டு வந்தான்.

நான் அவனை இடிக்கவில்லை சார். நின்ற வண்டி யாரையும் இடிக்காது. ஜீப்பை நீங்கள் சோதித்துப் பார்க்கலாம், ஒரு கீறல்கூட இருக்காது. அவன் நல்ல ஓட்டக்காரன். அந்த ஒரு நொடியிலும் ஹேண்டிலை வெளிப்பக்கம் திருப்பிவிட்டான். அங்கே நான் வாரி ஒதுக்கிய ஜல்லி குவிந்து கிடந்தது. முன்சக்கரம் அதில் புதைந்தது, அவன் பள்ளத்தில் போய்விட்டான். "அத்தான்" என்று ஒரு தடவை சொன்னான். என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னானா, சும்மா வாயில் வந்ததா என்று தெரியவில்லை.

ஜீப்பைப் பின்பக்கமாகவே இறக்கிவந்து, கேட்டைப் பூட்டி, இஞ்சினை அணைத்த பிறகுதான் விசில் கேட்டது. கடை சைக்கிள் ஒவ்வொன்றிலும் ஒரு விசில் கட்டியிருப்போம், விழுந்தால் ஊதுவதற்கு. நான் போட்ட சட்டம்தான் அது.

அப்போதே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசித்தேன். ஆனால் பாதையெல்லாம் ஜீப் தடம். அதைப் பார்க்கிறவர்கள், இங்கே ஏற்கனவே வண்டி போகிறதே, வேன் போனால் என்ன என்றுதான் கேட்பார்கள். முதலில் தடத்தை அழித்துவிட்டு, பிறகு போகலாம் என்று முடிவு செய்தேன். வாரியை எடுத்துக்கொண்டு வளைவுக்கு நடந்தேன். அங்கேயிருந்து கேட்டை நோக்கி வாரிக்கொண்டே வந்தேன். நான் வளைவில் நின்றபோது விசில் வேகவேகமாகக் கேட்டது. வாரியின் பல் ஜல்லியில் உரசுகிற சத்தம் அவனுக்குத் தெரியும். அத்தான் வந்துவிட்டார் என்று நினைத்திருப்பான். நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்க வேண்டியிருக்கும், வேலை பாதியில் நின்றுவிடும். அரைகுறையாக எதையும் விடுவது என் வழக்கம் இல்லை. கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது விசில் ஓய்ந்திருந்தது.

தம்பி இன்னும் இறங்கவில்லையே என்று என் மனைவி வாசலுக்கு வந்தாள். அதுவரை பின்கட்டில் கிரைண்டர் ஓடியதில் அவளுக்கு ஜீப்பும் விசிலும் கேட்டிருக்கவில்லை.

"ஏங்க, ஜீப்பை எடுங்க. போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்."

"அங்க வண்டி விடக் கூடாது, உனக்குத் தெரியும்ல" என்றேன்.

நடந்தே ஏறினோம். அவளால் வேகமாக நடக்க முடியாது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பாறையில் கை ஊன்றி ஊன்றி வந்தாள். அவளை அவசரப்படுத்த எனக்கு மனசு வரவில்லை. வளைவிலேயே சைக்கிளைப் பார்த்துவிட்டாள். நான் பள்ளத்தில் இறங்கினேன். அவன் உடம்பு இன்னும் ஆறியிருக்கவில்லை. விசில் பல்லுக்கு நடுவில் இருந்தது. அதை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன், அவன் அக்கா பார்த்தால் தாங்க மாட்டாள் என்று.

அன்றிலிருந்து வாரியை ஜல்லியில் வைத்தால் விசில் கேட்கிறது. நான் பேய் பிசாசு நம்புகிறவன் இல்லை. எல்லா சைக்கிளிலிருந்தும் விசிலை அறுத்துப் பெட்டியில் போட்டு, பெட்டியை டவுனில் கொண்டுபோய் எறிந்தேன். பிறகும் கேட்கிறது. வாரியைத் தூக்கினால் நின்றுவிடுகிறது. மறுபடி வைத்தால் வேகவேகமாக, யாரோ வந்துவிட்டார்கள் என்று நம்புகிற மாதிரி ஊதுகிறது. என் மனைவிக்குக் கேட்பதில்லை. ஒரு சாயங்காலம் அவளைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு வாரினேன். ஏதாவது கேட்கிறதா என்று கேட்டேன். அவள் என் கையையும் வாரியையுமே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கேட்டாள்: "அன்னைக்குக் காலையில கேட்டிலேர்ந்து வளைவு வரைக்கும் அவன் சைக்கிள் ஏறிப் போன தடமே இல்லையே. வளைவுக்கு மேல மட்டும் இருந்துச்சு. ஏங்க, காலையில எதுக்கு வாரினீங்க?"

ஜீப் தடத்தோடு அவன் தடத்தையும் சேர்த்து அழித்திருக்கிறேன். சுத்தமாக வாரிப் பழகிய கை. ஒரு தடத்தை மட்டும் விட்டுவைக்க அதற்குத் தெரியவில்லை. மறுநாள் அவள் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தாள். அதில் எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. அவள் சொன்னதெல்லாம் சரி. நான்தான் நிறுத்தினேன், நான்தான் வாரினேன், விசில் ஓய்கிற வரைக்கும் வாரினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த இடத்தைப் பார்க்க உங்கள் ஜீப்பிலேயே போகலாம் என்றீர்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், என் மனைவி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். மேலே வரை கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டாளாம். சாவியைத் தர மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் நடந்தே போவோம் சார், நான் அவளைக் கைப்பிடித்துக் கூட்டிவருகிறேன். காலையிலேயே நாலைந்து பேர் சைக்கிளில் மேலே போயிருக்கிறார்கள், இறங்குகிற நேரம். எதிரே வண்டி இருக்கும் என்று அவர்கள் நினைக்கவே மாட்டார்கள். பாவம், யாராவது விழுந்து தொலைத்தால் அப்புறம் உங்களுக்கும் எனக்கும் மனசு கேட்குமா.