மீதி வாக்கியம்

— இந்த நாக்கு என்ன விலை தெரியுமாடா? மூணு மாடி மெத்தைக் கடை! வெறும் பஞ்சையும் நாரையும் வெச்சு இந்த நாக்குதான் இதைக் கட்டுச்சு. அதை ஒரு கேமரா கட்டிப்போட்டுச்சுன்னு வெளிய தெரிஞ்சா கட்டுப்படியாகாது. எடு, மறுபடியும் எடு.

— இது பதினஞ்சாவது தடவைண்ணே. மெத்தை நுனியில உட்காருங்க. ம், தொ... தொடங்குங்க.

— வணக்கம். நம்ம கடை மெத்தை... மெத்தைன்னா என்னன்னா... அதுல படுக்கலாம். நிறுத்துடா!

— பொய் ஒண்ணும் சொல்லலையேண்ணே.

— நக்கலா? வாசல்ல ஒரு ஆள் வந்து நின்னா எனக்குப் பேச்சு அருவியாக் கொட்டும். முகம் சுளிச்சா ஒரு விலை, கை மெத்தையைத் தடவினா ஒரு விலை. இந்தக் கண்ணாடிக் குழிக்கு முகமும் இல்ல, கையும் இல்ல. கல்லுகிட்ட பேரம் பேசச் சொல்றியே!

— கேமரா பக்கத்துல பாருங்க. ஒரு மெத்தைப் பொத்தானை...

— கழட்டிட்டியா? விக்கிற சரக்குடா அது!

— ஒட்டி வெச்சிருக்கேண்ணே. அதை ஒரே ஒரு ஆளா நெனைச்சுப் பேசுங்க. ஊருக்கே பேச வேண்டாம். தப்பாச் சொல்லிட்டா நிறுத்தாதீங்க, மூச்சு விட்டுட்டுத் திரும்பச் சொல்லுங்க.

— பெரிய வாத்தியார்! இதெல்லாம் உனக்கு யாருடா சொன்னது?

— யாரும் இல்ல. மத்தியானம் குடோன்ல நான் தனியா...

— தூங்குவே. அது தெரிஞ்ச கதைதான். ஏன்டா, நான் இப்படித் திணறுறதை எதிர்க்கடைக்காரன் பார்த்தா என்ன ஆகும்? வீடியோவுல பேசறதுக்குன்னே அவன் சம்பளத்துக்கு ஆள் தேடறானாமே.

— அதைத்தாண்ணே காலையிலேர்ந்து சொல்ல வர்றேன். நான் நாளையிலேர்ந்து...

— சீக்கிரமா வந்துடுவே. ஜனம் வர்றதுக்குள்ள எடுத்து முடிச்சுடலாம். நல்ல யோசனை! இப்ப எடுத்ததைப் போட்டுக் காட்டு. ஓட்டை எங்கேன்னு பார்க்கிறேன்.

— வேண்டாமே. முதல் தடவை தன்னைத் தானே பார்க்கிறப்ப யாருக்கும் கூ... கூச்சமாத்தான் இருக்கும்.

— நான் பார்க்காத மூஞ்சியா? போடு. ஐயையோ, இது என் குரலா? ஓட்டைத் தகரத்தை உருட்டின மாதிரி இருக்கு! தொப்பை வேற சட்டையோட மல்லுக்கட்டுது. சரி, நான் பேசினது இங்கே முடிஞ்சுது. அப்புறமும் ஓடுதே?

— கேமராவை நிறுத்தாம ஸ்டாண்டுல விட்டுட்டு, உங்க பக்கத்துல வந்து விளக்கைத் திருப்பிக்கிட்டிருந்தேன்.

— அதையும் பார்ப்போம். சத்தம் வை.

— "அண்ணே, இந்த வெளிச்சம்..."

— "பத்தலையா? ஜன்னலைத் திற."

— "இல்லண்ணே, வெளிச்சம் உங்க..."

— "கண்ணு கூசும்னா? கூசட்டும், பரவாயில்ல."

— "அது இல்லண்ணே..."

— "சொல்லித் தொலையேன்டா! பொழுது விடிஞ்சு பொழுது போகுது."

— நிறுத்துடா. இது நானா? ஏன்டா, அப்ப நீ என்னதான் சொல்ல வந்தே?

— வெளிச்சம் உங்க கழுத்துல விழுதுன்னு.

— கழுத்துல. மூணு தடவை கேட்டிருக்கேன், பதிலை வாங்கலையே. உன் மூஞ்சி அப்படியே தொங்கிப் போகுதுடா அதுல. இன்னும் கொஞ்சம் தள்ளு. இங்கேயும் அதேதானா? இதுக்கு அடுத்தது?

— எங்கே போட்டாலும் இப்படியேதான் வரும்ணே.

— நீ கஷ்டப்படக் கூடாதேன்னுதான்டா மீதியை நான் சொல்லுவேன். கைத்தாங்கலா இருக்கட்டுமேன்னு.

— தெரியும்ணே.

— கடைக்கு வர்றவங்க முன்னாலயுமா இப்படி?

— அவங்க சிரிப்பாங்க. நீங்களும் சேர்ந்து சி... சிரிப்பீங்க. அப்புறம்தானே என்னைக் குடோனுக்கு அனுப்புனீங்க.

— முகத்தைப் பார்த்து விலை சொல்றவன்னு இப்பதான் பீத்திக்கிட்டேன். தலையைத் தூக்க முடியலடா.

— அழாதீங்கண்ணே. இன்னொண்ணு இருக்கு, பார்க்கறீங்களா?

— இது நம்ம குடோனாச்சே. நீயா பேசறே?

— "இ... இடுப்பு வலின்னா உடனே மெத்தையைத் திட்டாதீங்க. முதல்ல, எந்தப் பக்கமாத் திரும்பிப் படுக்கறீங்கன்னு சொல்லுங்க. ஒருக்களிச்சுப் படுக்கிற ஆளுக்குத் தோ... தோள் புதையற மெத்தை வேணும்."

— திக்குது, ஆனா நிக்கலையே! முப்பது வருஷமா மெத்தை விக்கிறவன், எனக்கே ஒண்ணு வாங்கணும் போல இருக்கு. கேமராகிட்ட மட்டும் எப்படிடா பேச்சு வருது?

— அதுக்கு அவசரமே கிடையாதுண்ணே. வார்த்தை வர்ற வரைக்கும் சும்மா பார்த்துக்கிட்டு இருக்கும்.

— எழுந்துட்டேன். வா, இந்த மெத்தையில நீ உட்காரு. கேமராவை நான் பிடிக்கிறேன். இனிமே கடைக்கு முகம் நீதான். எதிர்க்கடைக்காரன் தலையால தண்ணி குடிச்சாலும் இந்த மாதிரி ஆள் கிடைப்பானா? என்னடா, உட்காராம நிக்கிறே?

— அண்ணே...

— ஆமா, அப்பவே ஏதோ சொல்ல வந்தியே, நாளையிலேர்ந்துன்னு. நான்தான் பாதியிலே பிடுங்கிட்டேன். சொல்லு. வாயே திறக்க மாட்டேன்.

— நான் நாளையிலேர்ந்து...

— ...

— நாளையிலேர்ந்து, எ...

— ...

— எதிர்க்கடையில பேசப் போறேண்ணே. போன வாரமே வாக்குக் கொடுத்துட்டேன். போறதுக்கு முன்னால உங்களைப் பேச வெச்சுடணும்னுதான் இன்னைக்கு இத்தனை பாடு. இத்தனை வருஷத்துல என் பேச்சை நீங்க முடிச்சு வெச்சது எத்தனையோ, நான் எண்ணல. நீங்க பொறுத்திருந்து நான் முடிச்சது, இதோட ஒண்ணு.