நாற்பத்தோராவது பிள்ளையைத் தேடிய மெஹராஜ் பேகம் அம்மையாருக்கு

கோப்புகளின் காவலரே! கணினியே சொன்னாலும் கண்ணால் பாராமல் கையெழுத்திடாத கண்டிப்பின் உருவே! முப்பத்தோர் ஆண்டுகள் எங்கள் பள்ளி அலுவலகத்தை அன்போடும் அதட்டலோடும் ஆண்டு, இன்று ஓய்வு பெறும் அம்மையீர்! வணக்கம்.

பாராட்ட வந்த மேடையில் பழைய பாவம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் உங்களைச் சந்தேகப்பட்டோம்.

பொதுத்தேர்வு எழுதும் மாணவரின் படங்களையும் சான்றிதழ்களையும் சேர்த்துச் சுருக்கி, வகுப்புக்கொரு ஜிப் கோப்பாகக் கட்டும் நிரலை, கணினிப் பிரிவு வெண்மதி எழுதிப் பள்ளி சர்வரில் ஏற்றினாள். பொத்தானை அமுக்கினால் 'வெற்றி' என்று பச்சை எழுத்து வரும். நாங்கள் மகிழ்ந்தோம், நீங்களோ முகம் சுளித்தீர்கள். எல்லோரும் திண்டிவனம் பேருந்துக்கு ஓடிய பிறகும் அமர்ந்து, கட்டிய ஜிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்தீர்கள். வேலையில் குறை கண்டு தன்னைத் துரத்தப் பார்க்கிறீர்கள் என்று வெண்மதி நம்பினாள். நாங்களும் ஒத்து ஊதினோம்.

விண்ணப்பம் அனுப்பும் கடைசி நாள் மாலை அவளை அழைத்தீர்கள்.

"இன்னாம்மா, உள்ள போனது நாப்பத்தோரு புள்ளைங்க. வெளிய நாப்பதுதான் வருது?"

"வெற்றின்னு வந்துடுச்சேம்மா."

"அது சொல்லுது. நீ பாத்தியா?"

பார்த்தாள். கோப்புகளுக்கு மாணவர் பெயரையே இட்டிருந்தாள். வல்லத்து மு. சுவாதியின் கோப்பு இருந்த இடத்தில் தளவானூர் மு. சுவாதியின் கோப்பு ஏறி அமர்ந்திருந்தது. அப்படியே போயிருந்தால் வல்லத்துப் பிள்ளை அவ்வாண்டு தேர்வே எழுதியிருக்க முடியாது. பெயருக்குப் பதில் சேர்க்கை எண்ணை இடச் சொன்னீர்கள். இருவருமாக மீண்டும் கட்டி, நேரத்துக்குள் அனுப்பினீர்கள். யார் தவறு என்று தாளாளரிடம் மூச்சு விடவில்லை.

நேற்று உங்கள் மேசையைப் பொறுப்பேற்ற வெண்மதி, இழுப்பறையில் ஒரு கடிதத்தைக் கண்டாள். மாலைகளில் ஜிப்பைப் பிரித்துப் பிள்ளைகளின் படங்களை நீங்கள் திருடி வெளியே கொடுப்பதாக, அவளே பெயரிடாமல் தாளாளருக்கு எழுதிப் போட்ட புகார். தாளாளருக்கு வரும் தபாலையும் நீங்கள்தானே பிரிப்பீர்கள் என்பதை அவள் அன்று நினைக்கவில்லை. வழக்கம்போல் அதற்கும் தேதி முத்திரை குத்தியிருந்தீர்கள். விண்ணப்பம் அனுப்பிய அந்த மாலைக்கு நான்கு நாள் முந்தைய தேதி. அவள் கையெழுத்து உங்களுக்குத் தெரியாததா! தெரிந்தும் அன்று அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டீர்கள். இம்மடலை எழுதும் பொறுப்பை அவள் கேட்டு வாங்கியது அதனால்தான். அம்மா, அவளை மன்னியுங்கள்.

நோயற்ற உடலும் நிறைந்த மனமும் பெற்று நெடுங்காலம் வாழ்க! எங்கள் வேலையில் ஐயம் எழும்போதெல்லாம் வந்து பிரித்துப் பார்க்க, உங்கள் நாற்காலி இங்கேயே இருக்கும்.

என்றும் உங்கள் அன்பில்,
அலுவலகப் பணியாளர்கள், செஞ்சி

இம்முறை பெயரிட்டு எழுதியவள்,
வெண்மதி